நாரத்தைக்குப் பரிந்து பேச ஒரு ஆள்

எங்கள் பக்கத்தில் காய்க்காத மரத்துக்கு ஒரு வைத்தியம் உண்டு. மிரட்டுவது. அதற்கு ரெண்டு ஆள் வேண்டும். ஒருவர் அரிவாளோடு போய், இந்த வருஷமும் நீ காய்க்கவில்லை, இன்றைக்கு உன்னை விடமாட்டேன் என்று ஓங்க வேண்டும். இன்னொருவர் ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டு, வெட்டாதீங்க, அடுத்த வருஷம் காய்ச்சிடும் என்று அதற்காகக் கெஞ்ச வேண்டும். ஓங்கியவர் கொஞ்சம் முறைத்துவிட்டு, சரி பொழைச்சுப் போ என்று அரிவாளை இறக்கிவிடுவார். மரம் பயந்துபோய்க் காய்க்கும். இதுதான் வைத்தியம். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, இரண்டு பேருக்கு நடிக்கத் தெரிந்தால் போதும்.

எனக்கு விவரம் தெரிந்து எங்கள் கொல்லை மாமரத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தோம். அம்மாதான் ஏற்பாடு. அரிவாள் என் கையில், என் மணிக்கட்டு அம்மா கையில். கெஞ்சுகிற வேஷம் அக்காவுக்கு. அவள் மரத்தைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதுவிட்டாள். அம்மாவே பதறிப்போய், "நடிக்கத்தான்டி சொன்னேன்" என்று அவளை இழுத்து மூக்கைத் துடைத்துவிட்டாள். மறு கோடையில் மரம் காய்த்தது. அக்கா தன் அழுகையால் என்றாள். நான் என் அரிவாளால் என்றேன். அந்தச் சண்டை அவள் கல்யாணமாகிப் போகிறவரைக்கும் தீரவில்லை.

இப்போது அந்த வீட்டில் நான் மட்டும்தான். காவிரிக்கரைக் குத்தாலத்திலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்கால் ஓரத்தில் ஓட்டு வீடு. அப்பா நான் ஒன்பதாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். பத்தாவதில் கணக்கும் இங்கிலீஷும் என்னைக் கைவிட்டன. நானும் ரோஷக்காரன், திரும்பிப் போய் அதுகளைக் கெஞ்சவில்லை. ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் இருக்கிறது. உழவு நாளில் அடுத்தவர் டிராக்டரை ஓட்டப் போவேன். அக்கா நன்றாகப் படித்தாள். கல்யாணமாகித் தாம்பரம் பக்கம் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். வேலைக்குப் போகிறாள், இரண்டு பிள்ளைகள். அத்தானுக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர். அவள் வந்தால் படுக்கிற கட்டில் உள்ளறையில் இருக்கிறது. அதன்மேல் நான் நெல் மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறேன். தரையில் வைத்தால் எலி. கட்டில்மேல் வைத்தாலும் எலிதான், ஆனால் கொஞ்சம் சிரமப்பட்டு ஏற வேண்டும்.

கிணற்றடியில் ஒரு நாரத்தை மரம் இருந்தது. அம்மா கல்யாணமாகி வந்தபோதே அது காய்த்துக்கொண்டிருந்ததாம். யார் வைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. கடையில் விற்கிற நாரத்தங்காய் மாதிரி வழவழப்பாக இருக்காது. தடித்த தோல், மேலெல்லாம் மேடும் பள்ளமும். ஒரு காயில் நகத்தை வைத்துக் கீறினால் வாசலில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். இலை அதற்கு மேல். கசக்கி மோரில் போட்டால் அந்த மோரைக் கடன் கேட்டு வருவார்கள்.

அம்மா இருந்த கடைசிக் கார்த்திகையில் ஒரு புயல் வந்தது, அதில் மரம் வேரோடு சாய்ந்தது. காலையில் கதவைத் திறந்து பார்த்தால் கிணற்றின் மேல் கவிழ்ந்து கிடந்தது. நான் அம்மா அழுவாள் என்று நினைத்து என்ன சொல்லித் தேற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்க் காயைப் பறிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"விழுந்த மரத்துல பறிக்கிறது சொகம்டா. ஏறவே வேணாம்."

எனக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று ஊரில் கேட்பார்கள். அங்கிருந்துதான்.

கரண்ட் இல்லாத அந்த நாட்களில் அம்மா நாரத்தங்காய் நறுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு காயை அறுபடாமல் சுருளாக நறுக்கி, இழுத்தால் நீளுகிற மாதிரி செய்து, உள்ளே உப்பை அடைத்து ஜாடியில் போட்டாள். ஊறியதை வெயில் வந்தபோது எடுத்துக் காயவைத்தாள். விதை, சக்கை எல்லாவற்றையும் கூட்டிக் கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் கொட்டினாள். பழுத்துப்போன சில காய்களை மட்டும் கூடையில் தனியாக வைத்தாள். அதை என்ன செய்ய நினைத்தாளோ தெரியாது. மாசி மாசம் காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அக்கா கிளம்பினாள். மினி பஸ்ஸுக்காக மதகு பக்கத்தில் நின்றோம். எங்கள் ஊருக்கு பஸ் ஸ்டாப் கிடையாது, மதகுதான் ஸ்டாப். அடுத்து எப்போது வருவாய் என்று கேட்டேன்.

"அம்மா இல்லாத வீட்டுக்கு வந்து என்னடா பண்ணப் போறேன்?"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் கன்னத்தைத் தட்டி, "அந்த நாரத்தை காய்க்கட்டும், வர்றேன்" என்றாள். அவள் கை காட்டிய பக்கம் எங்கள் கொல்லை தெரிந்தது. மரம் வேரை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்குத் தெரியும். நான் விளையாட்டுக்குச் சொல்வதை நிஜமென்று நம்பி எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். என் வாழ்க்கையில் முதல்முறையாக அடுத்தவர் விளையாட்டை நான் நிஜமாக எடுத்துக்கொண்டேன்.

கூடையில் சுருங்கிக் கிடந்த பழங்களை அறுத்து விதையை எடுத்தேன். அடுத்து நான் செய்ததை எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. எங்கள் ஆட்களிடம் நீங்கள் எந்த விதையைக் கொடுத்தாலும் அது அவர்கள் கண்ணுக்கு நெல்தான். கழுவி, களத்தில் துணியை விரித்து, நல்ல வெயிலில் கலகலவென்று காயவைத்தேன். பிறகு சாக்குத் துண்டில் கட்டி வாய்க்காலில் ஊறப்போட்டேன். எடுத்து வைக்கோலுக்குள் புதைத்து மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன். விதைநெல் முளைகட்டுகிற முறை, ஒரு குறை கிடையாது. நெல்லாக இருந்திருந்தால் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருக்கும். நான் பிரித்தபோது கூழ் மாதிரி ஒன்று விரலில் ஒட்டியது. நாரத்தை விதை காய்ந்தால் செத்துவிடும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். பழத்திலிருந்து எடுத்த ஈரத்தோடு மண்ணுக்குள் போக வேண்டுமாம். நான் அதுகளைக் கொன்று, குளிப்பாட்டி, மாலை மரியாதையோடு அடக்கம் செய்திருந்தேன்.

அன்றைக்கு அக்காவுக்குப் போன் போட்டு, மரத்துக்கும் காரியம் பண்ணியாச்சு என்றேன். அவள் சிரிக்கவில்லை.

சித்திரையில் ஒரு நாள், சோறு அடிப்பிடித்த சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தனியாகச் சமைக்கிறவனுக்குச் சோறு ஒன்று குழையும், இல்லை அடிப்பிடிக்கும். நடுவில் ஒரு பதம் இருப்பதாக அம்மா சொல்வாள். தேய்ப்பதற்கு ஒரு கை மண்ணை அள்ளினேன். களையோடு சேர்த்து வந்தது. சட்டியில் வைத்துத் தேய்த்ததும் வாசம் எழுந்தது.

நான் முதலில் ஜாடியின் மூடி திறந்திருக்கிறது என்று நினைத்து உள்ளே போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. திரும்பி வந்து கையை மோந்து பார்த்தேன். பாத்திரம் தேய்க்கிற இடத்தில், சாம்பலும் எச்சில் பருக்கையும் விழுந்த ஈர மண்ணில், சின்னச் சின்னதாகப் பளபளவென்று இலை. அம்மா கூட்டிக் கொட்டிய விதைகள். இத்தனை நாளும் களை என்று மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். ஒரே விதையிலிருந்து இரண்டு செடிகூட வந்திருந்தது, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு. ஒன்று வாட்டசாட்டம், ஒன்று நோஞ்சான். எது அக்கா எது நான் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சட்டியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அக்கா ஆபீசில் இருப்பாள். கிணற்றுக்குள் எட்டிப்பார்த்து, "அம்மா, முளைச்சிருக்கு" என்றேன். கிணறு முளைச்சிருக்கு என்று திருப்பிச் சொன்னது.

செடிகளைக் காப்பாற்றியதைவிடக் கொன்றதுதான் அதிகம். எங்கள் ஊரில் பாசம் என்றால் தண்ணீர் கட்டுவது. நானும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினேன். எங்கள் களிமண் பிடித்த தண்ணீரை விடாது. நெல்லுக்கு அது சொர்க்கம், நாரத்தைக்கு வேர் அழுகல். ஒவ்வொன்றாக மஞ்சளாகிச் சாய்ந்தது. மிச்சம் இரண்டு நின்றபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. உடைந்த ஓடு, உமி, எருக்குழியில் மக்கிய எரு எல்லாவற்றையும் சேர்த்து மண்ணை மேடாகக் குவித்தேன். ஆற்று மணல் கொஞ்சம் வேண்டியிருந்தது. காவிரிக்காரனாகப் பிறந்து ஒரு சட்டி மணல் அள்ளுவதற்குப் பயப்பட வேண்டிய காலம். தெருக்கோடியில் வீடு கட்டுகிறவர் குவியலிலிருந்து எடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, வீடு கட்டுறியா என்றார். ஆமாம், மாடியும் உண்டு என்றேன்.

அந்த இரண்டில் ஒன்றை பிளாஸ்டிக் வாளியில் வைத்து பஸ்ஸில் தாம்பரத்துக்குக் கொண்டுபோனேன். மூன்றாவது மாடிக்கு லிப்ட் இல்லை. அக்கா கதவைத் திறந்து முதலில் வாளியைப் பார்த்தாள், பிறகுதான் என்னை. வாஷிங் மெஷின் பக்கத்தில் ஒரு ஜன்னல், அங்கே வைத்தோம். பிள்ளைகள் இலையைக் கசக்கி ஒருவர் மூக்கில் ஒருவர் வைத்து விளையாடினார்கள். அக்கா கசக்கவில்லை. கொஞ்ச நாளில் போனில் கேட்டபோது, வெயிலே வராத வீட்டில் அது எப்படி நிற்கும், வேலைக்குப் போய்விட்டு வந்து பிள்ளைகளைப் பார்ப்பேனா உன் செடியைப் பார்ப்பேனா என்றாள். வாளி மட்டும் உபயோகமாக இருக்கிறதாம்.

ஆக என்னிடம் ஒரே ஒரு மரம்.

விதை போட்டு வந்த நாரத்தைக்குக் குழந்தைப் பருவம் நீளம். என்னைப்போல. முதலில் முள் வந்தது. விரல் நீளத்துக்கு முள், உள்ளே எதையோ பெரிதாகக் காப்பாற்றுகிற மாதிரி. பழைய மரத்தில் இவ்வளவு இல்லை. காய்க்கிற வயது வந்தால் முள் குறையும் என்றார்கள். பிறகு புழு வந்தது. பார்த்தால் இலையில் காக்கா எச்சம் விழுந்த மாதிரிதான் இருக்கும். தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டும், ஒரு நாற்றம் வேறு. வயலுக்கு அடிக்கிற மருந்தை அடிக்கலாம், ஆனால் அப்புறம் இலையை மோரில் போட முடியாது. தினமும் காலையில் பல் விளக்கிக்கொண்டே பொறுக்குவேன். அது கொம்பை நீட்டும், நான் நாக்கை நீட்டுவேன். சில நாட்களில் அதுதான் எனக்குக் கிடைத்த பேச்சுத் துணை.

அக்காவுக்கு நான்தான் போன் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை. ஏதாவது கேலி செய்வேன், அவள் ம் ம் என்பாள், பின்னால் குக்கர் கத்தும். தீபாவளிக்கு வா என்றால் லீவு இல்லை, பொங்கலுக்கு வா என்றால் மாமியார் வீடு. மரம் என் தலையைத் தாண்டியது, கூரை ஓட்டைத் தொட்டது. அக்கா வரவில்லை. அம்மா போட்ட ஜாடியில் அடி தெரிய ஆரம்பித்தது. உப்பு நாரத்தங்காய் ஒன்றை எடுத்தால் அதை நாலு வேளைக்கு நக்குவேன். ஜாடி தீர்வதற்குள் மரம் காய்த்துவிட வேண்டும் என்று எனக்குள்ளே ஒரு போட்டி வைத்துக்கொண்டேன். ஜாடிதான் ஜெயிக்கும்போல் இருந்தது.

பக்கத்து வீட்டு அத்தை மோருக்கு இலை பறிக்க வருவாள். உறவு முறை ஒன்றும் இல்லை, கூப்பிட்டுப் பழக்கம். அவள்தான் மிரட்டல் வைத்தியத்தை ஞாபகப்படுத்தினாள். உனக்கும் கல்யாணம் ஆகவில்லை, இதுக்கும் காய்ப்பு இல்லை, இரண்டு பேரையும் சேர்த்து மிரட்டினால்தான் சரியாகும் என்றாள். நான் அரிவாளை எடுக்கிறேன், நீங்கள் வந்து கெஞ்சுங்கள் என்றேன்.

"நான் கெஞ்சினா செல்லாதுடா. அந்த வீட்டுல பொறந்த பொண்ணு சொல்லணும்."

அப்படியெல்லாம் சட்டம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டதும் பிடித்துப்போய்விட்டது.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருப்பதாகவும், மரத்தடியில் அரிவாளோடு நிற்பதாகவும், மாமரத்துக்குச் சொன்னதையே சொன்னால் போதும், அழுகை அவள் இஷ்டம் என்றும் சொன்னேன். அவள் பதில் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டேன். தின்கிறதுக்கு எருவும் உமியும் வேணும், காய்க்கிறதுக்கு மட்டும் வலிக்குதா, இன்னிக்கு உன் கதை முடிஞ்சுது என்று கத்தி, அரிவாளின் பின்பக்கத்தால் மரத்தில் ஒரு தட்டு தட்டினேன். இலையிலிருந்த மழைத் தண்ணீர் என் தலையில் கொட்டியது. போனை மரத்துப் பக்கம் நீட்டினேன்.

குக்கர் ஒரு தடவை கத்தி அடங்கியது.

"வெட்டிடுடா" என்றாள்.

"அக்கா, உன் டயலாக் அது இல்ல."

"நெசமாத்தான் சொல்றேன். வெட்டிடு. அந்த முள்ளு மரத்துக்குக் காவல் கெடந்து உன் வயசெல்லாம் போவுது. வீட்டப் பூட்டிட்டு இந்தப் பக்கம் வந்து ஒரு வேலையப் பாரு. யாருக்காகடா அது நிக்குது?"

நான் போனை இன்னும் மரத்துப் பக்கமே நீட்டிக்கொண்டிருந்தேன். அவள் வச்சிடறேன் என்று வைத்துவிட்டாள்.

அரிவாளை ஓங்கியாகிவிட்டது. பரிந்து பேச ஆள் இல்லை. இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வது என்று வைத்தியத்தில் சொல்லவில்லை. சொன்ன சொல்லுக்கு வெட்ட வேண்டும். வெட்டாமல் போனால் இவன் வெறும் வாய் என்று மரத்துக்குத் தெரிந்துவிடும். ஊருக்குத் தெரிந்தது போதாதா? அரிவாளைக் கீழே வைத்துவிட்டு மரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். முள் படாத இடமாகப் பார்த்து அடிமரத்தைக் கட்டிக்கொண்டு, "வெட்டாதீங்க, அடுத்த வருஷம் காய்ச்சிடும்" என்றேன். அக்கா குரல் மாதிரி கொஞ்சம் மெல்லிசாக. மறுபடி சுற்றிக்கொண்டு என் பக்கத்துக்கு வந்து, அரிவாளை எடுத்து, சரி பொழைச்சுப் போ என்றேன்.

திரும்பினால் வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அத்தை குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். சும்மாவே என்னைக் கேலி செய்கிறவள். இதைப் பார்த்துவிட்டு எத்தனை நாள் ஓட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமை போன் போடவில்லை. கோபம் என்று இல்லை. என்ன கேலி செய்வது என்று தோன்றவில்லை. சம்பா கதிர் வாங்கியது, மருந்து அடித்தேன், மடை பார்த்தேன். புழு பொறுக்கினேன்.

அறுப்புக்கு முன்னால் ஒரு மத்தியானம், பழைய சோற்றுக்கு ஜாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா. அவளாகக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமே இல்லை என்பதால் பயந்துகொண்டு எடுத்தேன். சாப்பிட்டாயா என்றாள். சாப்பிடுகிறேன் என்றேன். பிள்ளைகள் பரீட்சையைப் பற்றிச் சொன்னாள். அத்தான் ஊருக்குப் போயிருப்பதைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"அந்த மரத்த வெட்டிட்டியா?"

"வெட்டிட்டேன். நீதான சொன்ன."

வாயில் தானாக வந்துவிட்டது. திட்டுவாள், இல்லை நல்லதாப் போச்சு என்பாள் என்று காத்திருந்தேன். லைன் கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எலையாவது எடுத்து வச்சியாடா?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். மாமரத்தைக் கட்டிக்கொண்டு அழுதவள் குரல். அவள் ஹாஸ்டலில் படித்தபோது அம்மா கொழுந்து இலையாகப் பறித்து, நரம்பை உரித்துப் போட்டு, மிளகாயும் உப்பும் பெருங்காயமும் வைத்து உரலில் இடித்து, வேப்பிலைக்கட்டி உருட்டிக் கொடுத்தனுப்புவாள். பேர்தான் வேப்பிலை, உள்ளே இருப்பது அவ்வளவும் நாரத்தை இலை. மூன்றாவது மாடியில் இலையைக் கசக்காமல் நின்றவள் எதற்காகக் கசக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வழக்கமாக ஒரு பொய்யைச் சொன்னால் இரண்டு நாளாவது ஓட்டுவேன். இதை ஒரு நிமிஷம்கூட ஓட்ட முடியவில்லை.

"வெட்டலக்கா. நிக்குது."

அதற்கப்புறம் அவள் திட்டியதை எழுதினால் யாரும் அச்சில் போடமாட்டார்கள். எருமையில் ஆரம்பித்தாள். நான் உருப்படாமல் போனதன் காரணங்களை வரிசையாகச் சொன்னாள், பத்தாவது பெயிலான கதை உட்பட. நான் கையைக்கூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டே கிணற்றடிக்குப் போனேன். இவ்வளவு நீளமாக என்னிடம் யாரும் பேசி வருஷக்கணக்காகிறது. அவள் மூச்சு வாங்கியபோது ஸ்பீக்கரைப் போட்டேன்.

"மரத்துக்கிட்டதான் நிக்கிறேன். இப்ப சொல்லு. பொறந்த பொண்ணு சொன்னாத்தான் செல்லுமாம்."

"போடா லூசு."

நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"வெட்டாதீங்க" என்றாள். "அது காய்க்கும்."

சரி பொழைச்சுப் போ என்றேன். அரிவாள் கையில் இல்லை, பரவாயில்லை. ஒரு இலையைப் பறித்துக் கசக்கிப் போனுக்குப் பக்கத்தில் பிடித்து, வாசம் வருகிறதா என்று கேட்டேன். வருது வருது, நெட்வொர்க் நல்லாருக்கு என்றாள். அம்மா சொல்கிற மாதிரியே இருந்தது.

வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"மினி பஸ் இன்னும் மதகுல நிக்குதாடா?"

"கை காட்டினா நிக்கும்."

"கொழுந்தெல்லாம் பறிச்சு அந்த அத்தைக்கே குடுத்துத் தொலைக்காத" என்றாள். வைத்துவிட்டாள்.

மரத்தைச் சுற்றி ஒரு தடவை பார்த்தேன். காய் இல்லை, பூகூட இல்லை. முள் நிறைய இருந்தது. உச்சியில் மட்டும் கொழுந்து செம்புநிறத்தில் விட்டிருந்தது. அதில் ஒரு புழு உட்கார்ந்திருந்தது, எடுத்துப் போட்டேன்.

உள்ளே போய், மிச்சச் சோற்றைச் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, அக்கா கட்டிலில் இருந்த நெல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி வாசல் நடையில் அடுக்கினேன். கடைசி மூட்டையை எடுத்ததும் கட்டில் ஆடியது. இத்தனை நாள் பாரத்தில் தெரியவில்லை, ஒரு கால் குட்டையாக இருக்கிறது. அட்டையை மடித்து அதன் அடியில் வைத்தேன். இன்னும் கொஞ்சம் ஆடியது. இன்னொரு மடிப்பு மடித்தேன்.